ஆட்டின் கணையமும் பன்றியின் தீவுகளும்

நாம் வசிக்கும் வேப்பம்பட்டிலிருந்து திருவள்ளூர், ஊத்துக்கோட்டை வழியே வடக்கு நோக்கிக் காலையில் புறப்பட்டால் உச்சிப்பொழுதுக்குள் காளத்தியை அடைந்துவிடலாம். கண்ணப்பர் தம் கண்ணைப் பெயர்த்து அப்பிய தலம். பெரியபுராணத்தை வகுப்பில் நடத்துகையில் மாணவர் பெரும்பாலும் அவருடைய அன்பின் வேகத்தில் நின்றுவிடுவர். நமக்கோ அதற்கு ஒரு கணம் முந்தைய இடமே எப்போதும் உறுத்தும். இறைவன் கண்ணில் குருதி பெருகக் கண்ட வேடர் முதலில் பச்சிலை தேடி ஓடுகிறார், பிழிந்து வார்க்கிறார், பயனில்லை. அதன் பின்னரே, தசைக்கு நேர்ந்த நோயைத் தசையே தீர்க்கும் என்னும் பொருளில் வழங்கிவந்த ஒரு சொல் அவர் நினைவுக்கு வருவதாகச் சேக்கிழார் அமைத்திருக்கிறார். 12ஆம் நூற்றாண்டுக் காவியத்திலேயே அது வழக்கிலிருந்த சொல். அதுவரை பன்றியிறைச்சியைச் சுவைபார்த்துப் படைத்துவந்தவர், மருந்து என்று வந்தபோது பன்றியிடம் போகவில்லை. தம் கண்ணில் அம்பை வைத்தார்.

இந்த இடத்தை மீண்டும் நினைக்க வைத்தவர் நம் கல்லூரி அலுவலகத்தில் பணிபுரியும் நண்பர். அவருடைய மகளுக்குப் பன்னிரண்டு வயது. ஏழு வயதிலிருந்து நாளுக்கு நான்கு முறை இன்சுலின் ஊசி. ஒரு மாலை மடித்த விளம்பரத்தாள் ஒன்றுடன் வீட்டுக்கு வந்தார். விலங்கின் உயிரணுக்களை உடலில் செலுத்திச் சர்க்கரை நோயை வேரோடு நீக்குவதாக அத்தாள் சொன்னது. தொகை லட்சங்களில் இருந்தது. “சார், நீங்க நாலும் படிக்கறவரு. இது நெசந்தானான்னு பாத்துச் சொல்லுங்க. மனையை வித்தா கட்டிடலாம்” என்றார். நாம் தமிழ் படித்தவர். மருத்துவரைக் கேளுங்கள் என்றோம். கேட்டாராம். வேண்டாம் என்றாராம் மருத்துவர். ஏன் வேண்டாம் என்று கேட்பதற்குள் அடுத்தவரின் பெயரை அழைத்துவிட்டார்களாம். அந்த ‘ஏன்’ நம் பொறுப்பாயிற்று. சில வாரங்கள் தேடிப் படித்ததில் தெரிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

சொற்களிலிருந்து தொடங்குவது நம் தொழில்குணம்; வாசகர் பொறுத்தருள்க. இழிதல் என்றால் இறங்குதல். மலையிலிருந்து அருவி இழிவது போல உடலிலிருந்து நீர் இழிவதால் நீரிழிவு. கிரேக்கச் சொல்லான டயாபிடிசுக்கும் ஊடாகக் கடந்துபோதல் என்பதே பொருள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டினராகக் கருதப்படும் அரெட்டேயஸ் என்னும் மருத்துவர், தசையும் உறுப்புகளும் உருகிச் சிறுநீராக வெளியேறும் நோய் என்று இதை வருணித்தார். வடமொழி மருத்துவ நூல்கள் அந்நீரின் இனிமையைக் கண்டு மதுமேகம் என்றன. நம் திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயில் குளத்தில், நோய் கரைய வேண்டி இன்றும் மக்கள் வெல்லம் கரைக்கின்றனர். சர்க்கரை நோயாளிகளும் கரைப்பதைப் பார்த்திருக்கிறோம். அந்த முரண் அவர்களை ஒருபோதும் உறுத்தியதில்லை.

இரைப்பைக்குப் பின்னே குறுக்காகக் கிடக்கும் உறுப்புக்குக் கணையம் என்று பெயர். பழந்தமிழில் கணையம் என்பது கோட்டைக் கதவுக்குக் குறுக்கே இடும் மரம். உறுப்புக்கு இப்பெயரை வைத்தவர் அதை எண்ணினாரோ இல்லையோ, பொருத்தமாகவே அமைந்துவிட்டது. 1869இல் பெர்லினில் பவுல் லாங்கர்ஹான்ஸ் என்னும் 21 வயது மாணவர், தம் பட்ட ஆய்வுக்காகக் கணையத்தை நுண்ணோக்கியில் பார்த்தபோது, செரிமான நீர் சுரக்கும் திசுவுக்கு நடுவே வேறு சாயலுடைய சிறுசிறு அணுக்கூட்டங்கள் சிதறிக்கிடக்கக் கண்டார். அவை எதற்கு என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே எழுதியும் வைத்தார். நாற்பது வயதைப் பெரிதும் தாண்டாமல் 1888இல் மதேரா தீவில் இறந்தார். நம் பள்ளிப் பாடநூல்கள் இவற்றை லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் என்கின்றன. கொசத்தலையாற்றில் நீர் வற்றும்போது தலைகாட்டும் மணல்திட்டைப் பார்த்தவர்க்கு இச்சொல்லின் அழகு விளங்கும். ஒரு மனிதனின் கணையத்தில் சுமார் 10 லட்சம் திட்டுகள் உண்டு. அத்தனையையும் திரட்டி நிறுத்தால் ஒன்றிரண்டு கிராம் தேறும். நண்பரின் மகளிடம் இல்லாதது அந்த ஒன்றிரண்டு கிராமிலும் ஒரு பகுதிதான்.

1889இல் ஸ்ட்ராஸ்பூர்க்கில் மின்கோவ்ஸ்கி, ஃபான் மெரிங் என்னும் இருவர் ஒரு நாயின் கணையத்தை முற்றாக நீக்க, அந்நாய்க்கு நீரிழிவு கண்டது. நோயின் இருப்பிடம் தெரிந்துவிட்டது. கணையம் இல்லாததால் வந்த நோய் எனில், கணையம் கொடுத்தால் தீருமல்லவா? கண்ணப்பர் நினைவுக்கு வந்த அதே பழஞ்சொல்தான், இப்போது ஆய்வுக்கூட உடையில்.

1893 டிசம்பர் 20. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர மருத்துவமனையில் 15 வயதுச் சிறுவன் ஒருவன் நீரிழிவின் கடைசிக் கட்டத்தில் கிடந்தான். மருத்துவர் வாட்சன் வில்லியம்ஸ் அப்போதுதான் அறுக்கப்பட்ட ஓர் ஆட்டின் கணையத்தை மூன்று துண்டுகளாக்கி அவன் தோலுக்கடியில் வைத்துத் தைக்கச் செய்தார். மூன்றாம் நாள் சிறுவன் இறந்தான். அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அச்செய்தி வெளிவந்தது. விலங்கின் உயிருள்ள திசுவை வைத்து நீரிழிவைத் தீர்க்க முயன்றதாக ஏட்டில் பதிவான முதல் நிகழ்வு இதுதான்.

இன்று படிக்கையில் மூடத்துணிச்சலாகத் தோன்றக்கூடும். நமக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தச் சிறுவனுக்கு வேறெதுவும் இல்லை. அக்காலத்தில் இந்நோய் கண்ட பிள்ளைகளுக்கு மருத்துவம் கொடுத்ததெல்லாம் பட்டினிதான். உணவைக் குறைத்துச் சில மாதங்களை நீட்டிப்பது. ஆட்டுக் கணையம் அவனிடமிருந்து எதையும் பறிக்கவில்லை. அதே 1893ஆம் ஆண்டில்தான் லகேஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர் அந்த அணுக்கூட்டங்களுக்கு லாங்கர்ஹான்ஸ் பெயரால் ‘தீவுகள்’ என்று பெயரிட்டு, உள்ளுக்குள் எதையோ சுரப்பவை அவை என்று ஊகித்தார். பிரிஸ்டல் மருத்துவர் தேடியது அந்தத் தீவுகளைத்தான். அவர் தைத்து வைத்ததோ தீவும் கடலும் சேர்ந்த முழுக் கணையத்தை. செரிமான நீர் சுரக்கும் திசு தன்னையே செரித்துக்கொள்ளும் என்பதும், அயல்விலங்கின் திசுவை மனித உடல் மணிக்கணக்கில் தாக்கி அழிக்கும் என்பதும் அன்று எவருக்கும் தெரியாது.

தீவிலிருந்து வரும் பொருளுக்கு, அதை எவரும் பிரித்தெடுக்கும் முன்னரே, தீவைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து இன்சுலின் என்று பெயரிட்டுவிட்டார்கள். பெயரை முதலில் செய்துவிட்டுப் பொருளுக்குக் காத்திருந்த இந்நிகழ்ச்சி மொழி ஆசிரியர்களுக்குச் சற்றுப் பெருமை தருவது. பொருள் 1921இல் டொராண்டோவில் கிடைத்தது. பாண்டிங், பெஸ்ட், மக்லியாட், காலிப் ஆகியோரின் கதை பலரும் அறிந்ததே. 1922 ஜனவரி 11 அன்று லெனார்ட் தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போட்டனர். மாட்டின் கணையச் சாறு, தூய்மை போதவில்லை, ஊசியிட்ட இடத்தில் சீழ்கட்டியது. நிறுத்திவிட்டார்கள். காலிப் மேலும் தூய்மையாக்கிய சாற்றை ஜனவரி 23 முதல் செலுத்த, சிறுவன் எழுந்து நடமாடினான். மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். பிரிஸ்டல் சிறுவனுக்கும் இவனுக்கும் இடையே 28 ஆண்டுகள்.

விலங்கின் திசுவை உடலில் வைக்கும் முயற்சி இத்துடன் வெகுகாலம் அடங்கிப்போயிற்று. ஆனால் விலங்கு நம்மை விட்டுப் போகவில்லை. அறுபது ஆண்டுகள் உலகின் இன்சுலின் முழுவதும் அறுவைக்கூடங்களில் இருந்துதான் வந்தது. சுமார் 8 அவுன்ஸ் இன்சுலினுக்கு 2 டன் பன்றிக் கணையம் தேவைப்பட்டது என்பது அக்காலக் கணக்கு. மனித இன்சுலினுக்கும் பன்றியினுடையதற்கும் ஒரே ஓர் அமினோ அமில வேறுபாடு, மாட்டினுடையதற்கு மூன்று. சென்னையில் மருத்துவர் எம். விஸ்வநாதன் 1948இல் ஸ்டான்லியில் நீரிழிவுக்கெனத் தனிப்பிரிவு தொடங்கியதும், 1954இல் ராயபுரத்தில் தனி மருத்துவமனை நிறுவியதும் இக்காலத்தில்தான். அக்காலத்தில் ஊசி போட்டுக்கொண்டவர்களில் மாட்டையும் பன்றியையும் வாழ்நாளில் தொடாதவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பர்! உயிர் என்று வந்தபோது எவரும் குப்பியைத் திருப்பி அனுப்பியதாக நாம் கேட்டதில்லை. மனித இன்சுலினை நுண்ணுயிரிகளைக்கொண்டு உண்டாக்கும் முறை 1982இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த பிறகே பன்றி மெல்ல விலகியது.

இன்சுலின் நோயைத் தீர்க்கவில்லை, மரணத்தைத் தள்ளிவைத்தது. இந்த வேறுபாட்டை நண்பரின் வீட்டில் போய்ப் பார்க்க வேண்டும். தூக்கத்தில் சர்க்கரை சரிந்துவிடுமோ என்று இரவு இரண்டு மணிக்கு எழுந்து பிள்ளையின் விரலில் குத்திப் பார்ப்பவர் அவளுடைய தாய். ஐந்தாண்டுகளாக ஓரிரவும் முழுமையாக உறங்கியதில்லை. உயிருள்ள தீவு கணந்தோறும் குருதியைச் சுவைத்து, வேண்டிய அளவு மட்டுமே சுரக்கும்; ஊசிக்கு அந்த நாவில்லை. ஆகவே தீவையே நடும் ஆசை மறுபடி தலையெடுத்தது. 1967இல் பால் லேசி எலியின் கணையத்திலிருந்து தீவுகளைச் சிதையாமல் பிரிக்க வழிகண்டார். 2000ஆம் ஆண்டில் கனடாவின் எட்மண்டன் நகரில் ஷாபிரோ குழுவினர் இறந்தோர் கணையத்துத் தீவுகளைக் கல்லீரலுக்குச் செல்லும் குருதிக்குழாயில் செலுத்த, ஏழு நோயாளிகளும் ஊசியை விட்டனர். உலகமே கொண்டாடியது. ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோது இம்முறையில் சிகிச்சை பெற்றோருள் பத்தில் ஒருவரே ஊசியின்றி இருந்தனர். மேலும், ஒருவருக்கே இரண்டு மூன்று பேரின் கணையம் தேவைப்பட்டது. உடல் அயல் அணுக்களைத் தாக்காதிருக்க எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளை வாழ்நாள் முழுதும் உண்ண வேண்டும். அவற்றால் நோய்த்தொற்றும் வரும், புற்றும் வரலாம்.

அத்தனை கணையத்துக்கு எங்கே போவது? மனித உறுப்பு போதாத ஊரில் என்ன நடக்கும் என்பதை அறிய நாம் எட்மண்டன் போக வேண்டியதில்லை. வேப்பம்பட்டில் மின்சார ரயில் ஏறிச் சென்னை நோக்கிச் சென்றால் அம்பத்தூர், கொரட்டூர் தாண்டி வில்லிவாக்கம். 1980களின் இறுதியிலும் 1990களிலும் அங்குள்ள குடிசைப் பகுதிக்குக் ‘கிட்னிவாக்கம்’ என்று பெயரிட்டார்கள். கடன்பட்டவர்கள், அதிலும் பெரும்பாலும் பெண்கள், ஒரு சிறுநீரகத்தை விற்றனர். 1994இல் நாடாளுமன்றம் மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தை இயற்றி விற்பனையைக் குற்றமாக்கியது. 2001இல் சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் நடத்திய ஆய்வு மறு ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளிவந்தது. நூற்றுக்கு 96 பேர் கடனை அடைக்கவே விற்றிருந்தனர். கைக்கு வந்தது சராசரி 1,070 டாலர். விற்ற பின் குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 86 பேர் உடல்நலம் கெட்டதாகக் கூறினர். ‘பாக்கம்’ என்னும் நெய்தல் நிலத்து ஊர்ப்பெயரீறு இப்படியொரு கூட்டுச்சொல்லில் வந்து முடியுமென்று எந்தப் பெயராய்வாளரும் கனவு கண்டிருக்கமாட்டார்.

2008 முதல் மூளைச்சாவடைந்தோர் உறுப்புக்கொடையைத் தமிழக அரசு ஒழுங்குபடுத்தியது; நிலைமை பெரிதும் மாறியது. எனினும் கொடைக்கும் தேவைக்கும் உள்ள இடைவெளி எந்நாட்டிலும் மூடவில்லை. 2023இல் சென்னை ஆய்வாளர்கள் தலைமையில் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு இந்தியாவின் நீரிழிவு நோயாளிகளை 10.1 கோடி என்று மதிப்பிட்டது. அவர்களுள் பெரும்பாலோர்க்குத் தீவு மாற்று தேவைப்படாது. தேவைப்படும் சிறுபான்மைக்கே கூடக் கணையம் இல்லை. மனிதரை மனிதர் விலைபேசும் இக்கடைத்தெருவை மூடிவிடும் என்ற நம்பிக்கையும் பன்றியின் பக்கம் அறிஞரைத் திருப்பியது. அதை வெறும் வணிகப் பேராசை என்று ஒதுக்குவது நேர்மையன்று.

பன்றி ஏன்? அதன் இன்சுலின் நம்முடையதோடு ஒத்துப்போகும் என்பது அறுபது ஆண்டுகள் மெய்ப்பித்த செய்தி. விரைவில் பெருகும். தடைகள் இரண்டு. பன்றி அணுக்களின் மேற்பரப்பில் உள்ள ஒருவகைச் சர்க்கரைக் கூறு மனிதரிடம் இல்லை. அதற்கு எதிரான படை நம் குருதியில் பிறந்த சில மாதங்களிலேயே உருவாகி எப்போதும் ஆயத்தமாக நிற்கும். சர்க்கரை நோயைத் தீர்க்க வருபவனைச் சர்க்கரையே காட்டிக்கொடுக்கிறது. இரண்டாவது தடை 1997இல் வெளிப்பட்டது. பன்றியின் மரபணுவுக்குள்ளேயே குடியிருக்கும் ஒருவகை ரெட்ரோ வைரஸ், ஆய்வுக்குடுவையில் மனித அணுக்களைத் தொற்றியது. எச்.ஐ.வி. விலங்கிடமிருந்து மனிதனுக்குத் தாவிய நினைவு பசுமையாக இருந்த காலம். பன்றித் திசு வைக்கப்பட்டவரோடு அந்தத் தீங்கு நின்றுவிடுமென்று எவராலும் உறுதி சொல்ல முடியவில்லை. பன்றித் திசுவோடு தொடர்புற்ற 160 பேரின் குருதியை ஆராய்ந்து 1999இல் வெளியிட்ட முடிவில் ஒருவருக்கும் தொற்றில்லை என்று தெரிந்தது. அச்சம் தணிந்ததே தவிர ஒழியவில்லை.

இந்த வரலாற்றில் நாம் மதிப்போடு நிறுத்திப் படித்த பகுதி சுவீடனைப் பற்றியது. கார்ல் குரோத் குழுவினர் 1990களின் தொடக்கத்தில் பத்து நீரிழிவு நோயாளிகளுக்குப் பன்றிக் கருவின் தீவு அணுக்களைச் செலுத்தினர். யார் அந்தப் பத்துப் பேர்? அனைவரும் சிறுநீரக மாற்றுச் செய்துகொண்டவர்கள் அல்லது செய்துகொள்ள இருந்தவர்கள். எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தை அவர்கள் எப்படியும் உண்டாக வேண்டும். அவர்களுக்கு இந்த ஆய்வு பழைய சுமையின்மேல் ஒரு கைப்பிடிதான். நலமுள்ள ஒருவர் முதுகில் புதிதாக மூட்டையை ஏற்றவில்லை. நால்வர் சிறுநீரில் பன்றி இன்சுலினோடு உடன்பிறக்கும் துணைப்பொருள் 200 முதல் 400 நாள் வரை தென்பட்டது. அதாவது, பன்றியின் தீவு மனித உடலில் உயிரோடு இருந்தது. ஆனால் எவருடைய ஊசியளவும் குறையவில்லை. 1994இல் லான்செட் இதழில் அந்தத் தோல்வியையும் மறைக்காமல் எழுதினர்.

நியூசிலாந்தில் பாப் எலியட் வேறு வழியில் சென்றார். படையை அடக்குவதற்குப் பதில் தீவைச் சுற்றி மதில் கட்டுவது. கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் என்னும் பசைப்பொருளால் தீவுகளைச் சிறு முத்துகளாக உறையிட்டால், சர்க்கரையும் இன்சுலினும் போய்வரும், தாக்கும் அணுக்கள் நுழையா. 1980இல் லிம், சன் என்னும் இருவர் எலியில் காட்டிய உத்தி இது. (மன்னார் வளைகுடாவில் நம் மீனவப் பெண்கள் மூச்சடக்கி மூழ்கிப் பறித்துவரும் பாசியிலும் இப்பொருள் உண்டு, ஐஸ்கிரீமுக்கும் துணிச்சாயத்துக்கும் போகிறது. அவர்களிடம் யாராவது இதைச் சொல்ல வேண்டும்.) 1996இல் எலியட் 41 வயது மனிதர் ஒருவரின் வயிற்றறைக்குள் இம்முத்துகளை இட்டார். சில வாரம் அவருடைய இன்சுலின் தேவை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்து, பின் பழைய நிலைக்குத் திரும்பியது. ஒன்பதரை ஆண்டு கழித்து உள்ளே நோக்கியபோது முத்துகள் சிலவற்றில் உயிருள்ள பன்றி அணுக்கள் இன்னும் இருந்தன. வைரஸ் அச்சத்தால் அந்நாட்டு அரசு இடையில் ஆய்வை நிறுத்திவைத்தது. எலியட் குழுவினர் தூய பன்றி தேடி ஆக்லாந்துத் தீவுகளுக்குப் போனார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடலோடிகள் விட்டுச்சென்று, வெளியுலகத் தொடர்பின்றிப் பெருகிய பன்றிகள் அவை. 1999இல் அவற்றில் சிலவற்றை அரிய இனமென்று மீட்டு வந்திருந்தனர். தனித்தீவில் வளர்ந்ததால் பல தொற்றுகள் தீண்டாதவை. தீவுப் பன்றியின் தீவுகள் என்று எழுதும்போது சிலேடை தானாக வந்து விழுகிறது. நாம் வலிந்து செய்யவில்லை.

மெக்சிகோவில் நடந்தது நமக்கு ஒப்பவில்லை. அங்கே 2000ஆம் ஆண்டையொட்டி ஒரு குழு, வளரிளம் பருவத்தினர் 12 பேரின் தோலுக்கடியில் பன்றித் தீவுகளைச் சிறு குழாய்களில் வைத்தது. பாதிப்பேருக்கு ஊசியளவு குறைந்ததாகவும் இருவர் சிறிது காலம் ஊசியே இன்றி இருந்ததாகவும் 2005இல் எழுதினர். ஆனால் விலங்குகளில் போதிய முன்னாய்வு இன்றிப் பிள்ளைகளிடம் தொடங்கியதைப் பன்னாட்டுச் சங்கம் வெளிப்படையாகக் கண்டித்தது. பிரிஸ்டல் சிறுவனுக்கு வேறு வழியில்லை. இப்பிள்ளைகளுக்கோ ஊசி இருந்தது. அரும்பாடு என்றாலும் வாழ்வு இருந்தது. தன்னால் அளந்தறிய முடியாத இடருக்கு, அதுவும் வாழ்நாள் முழுதும் கண்காணிப்பில் இருக்கவேண்டிய இடருக்கு, 12 வயதுப் பிள்ளை எப்படி ஒப்புதல் தரும்? பெற்றோர் தரலாம். எத்தகைய மனநிலையில் தருவார்கள் என்பதை நாம் மனையை விற்க ஆயத்தமாக வந்து நின்ற ஒருவரின் முகத்தில் கண்டோம்.

நம் நாட்டிலும் ஒரு நிகழ்வு உண்டு, கணையமன்று, இதயம். 1997 ஜனவரி 1 அன்று அசாமில், கவுகாத்தியை அடுத்த சோனாப்பூரில், தனிராம் பருவா என்னும் அறுவை மருத்துவர் 32 வயது ஆடவர் ஒருவருக்குப் பன்றியின் இதயத்தைப் பொருத்தினார். ஏழு நாளில் அவர் இறந்தார். மருத்துவர் கைதாகி 40 நாள் சிறையிலிருந்தார். உறுப்பு மாற்றுச் சட்டப்படி அந்நிறுவனம் பதிவு பெறவில்லை என்பதும் செயல்முறை நெறிக்கு முரணானது என்பதும் அரசு விசாரணையின் முடிவு. 2022 ஜனவரியில் அமெரிக்காவின் மேரிலாந்தில் மரபணு மாற்றிய பன்றியின் இதயத்தைப் பொருத்தியபோது, இதை 25 ஆண்டுக்கு முன்பே நம்மவர் செய்துவிட்டார் என்ற பெருமிதச் செய்திகள் பரவின. நமக்கு அதில் பங்கில்லை. மேரிலாந்து நோயாளியும் இரு மாதத்தில் இறந்தார்தாம். ஆனால் அங்கே பன்றியின் மரபணுக்களைத் திருத்திக் குரங்குகளில் பல ஆண்டு ஆய்ந்திருந்தனர். அரசின் ஒப்புதல் இருந்தது. இறந்தபின் பன்றி வைரஸ் ஒன்று அவ்விதயத்தில் இருந்ததைத் தாமே கண்டறிந்து அச்சிட்டனர். சோனாப்பூரிலிருந்து அடுத்த மருத்துவர் கற்றுக்கொள்ள என்ன மிஞ்சியது? நம் அடுத்த ரயில் நிலையமான திருநின்றவூரில் பூசலார் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டினார். அடிக்கல் முதல் குடமுழுக்கு வரை ஒரு வேலையையும் அவர் தவிர்க்கவில்லை என்பதை இங்கே நினைத்துக்கொண்டோம்.

இன்று எங்கே நிற்கிறோம்? பன்றியின் மரபணுவிலிருந்த அந்த வைரஸ்களைச் செயலிழக்கச் செய்து 2017இல் குட்டிகளைப் பிறப்பித்துவிட்டனர். காட்டிக்கொடுக்கும் சர்க்கரைக் கூறு இல்லாத பன்றிகள் அதற்கும் முன்பே பிறந்துவிட்டன. ஆயினும், கதை வேறு பக்கம் திரும்பிக்கொண்டிருக்கிறது. மனிதக் குருத்தணுக்களிலிருந்தே ஆய்வுக்கூடத்தில் தீவணுக்களை வளர்க்கிறார்கள். அவற்றின் முழு அளவைப் பெற்ற 12 பேரில் 10 பேர் ஓராண்டு கழிந்தும் ஊசியின்றி இருப்பதாக 2025இல் அறிவித்தனர். அந்த ஆய்வில் இருவர் இறந்தனர். அணுக்களால் அல்ல என்றாலும், ஒருவரைக் கொண்டுபோனது மூளையுறைத் தொற்று. எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தை இன்னும் அவர்கள் உண்ண வேண்டியிருக்கிறது. அதே ஆண்டில் சுவீடனிலிருந்து வந்த மற்றொரு செய்தி: கொடையாளர் ஒருவரின் தீவணுக்களின் மரபணுவைத் திருத்தி, எதிர்ப்பாற்றலின் கண்ணுக்குத் தெரியாதவையாக்கி, ஒருவரின் முன்கைத் தசையில் வைத்தனர். அடக்கும் மருந்தின்றியே அவை பிழைத்திருந்து சிறிதளவு இன்சுலினும் சுரந்தன. ஊசியை நிறுத்தும் அளவுக்கு அல்ல; ஒரேயொரு மனிதரிடம். பன்றி தன் முறை வருமுன்னரே வரிசையிலிருந்து விலக்கப்படலாம். அதற்கு அதில் வருத்தம் இராது.

இரண்டு ஞாயிறு கழித்து நண்பர் மகளுடன் வந்தார். இவற்றையெல்லாம் சொன்னோம். அவர் கேட்டதைவிடப் பிள்ளை கேட்டது அதிகம். “ஆட்டுக் கணையம் வச்சாங்களே, அந்த அண்ணன் எத்தனை நாள் இருந்தாங்க?” மூன்று நாள் என்றோம். “இன்சுலின் வர்றதுக்கு அப்புறம் எவ்ளோ வருஷம்?” இருபத்தெட்டு. விரல்விட்டு எண்ணிப் பார்த்து, “அப்போ நாப்பத்து மூணு வயசாயிருக்கும்” என்றாள்.

நண்பர் விளம்பரத்தாளைப் பிரித்து நெடுநேரம் பார்த்திருந்தார். “நீங்க சொன்ன சுவீடன்ல, நியூசிலாந்துல எல்லாம் அவங்ககிட்ட எவ்ளோ வாங்குனாங்க சார்?” ஐ.சி.எம்.ஆர். 2017இல் வெளியிட்ட நெறிமுறையின் தொடர்புடைய பகுதியை எடுத்துக் காட்டினோம். ஆய்வுக்கான செலவைப் பங்கேற்பவர் தலையில் கட்டக்கூடாது என்று அது சொல்கிறது. “ஆராய்ச்சின்னா காசு வாங்கக் கூடாது. வைத்தியம்னா இது இன்னும் வைத்தியம் ஆகல. அப்ப இவங்க எதுக்கு வாங்கறாங்க?” என்று தாளைப் பார்த்தே கேட்டார். பிறகு அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், கிழித்துப் போடவில்லை.

வீட்டில் தேநீரும் பிஸ்கட்டும் வைத்தார்கள். பிள்ளை பையிலிருந்து கருவியை எடுத்து, நடுவிரல் ஓரத்தில் குத்தி, எண்ணைப் பார்த்தாள். 118. ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டாள்.